தைத்த படகும் செதுக்கிய கேக்கும்

கல்லில் உருவம் காண விழையும் சிற்பி முதலில் உளியை எடுப்பதில்லை. கல்லைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டு, ஆண்கல் பெண்கல் முதலாக வகுத்து, இன்ன கல் இன்ன உருவிற்கு உரியது என்று தேர்ந்த பின்னரே பணியைத் தொடங்குவான். இஃது நம் நாட்டுச் சிற்பியர் மரபு. கேக்கிலே உருவம் செதுக்குவார்க்கும் இம்மரபு முற்றும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் இராயபுரத்திலுள்ள எம் இல்லத்து அடுக்களையிலே யாம் கற்றோம். நூல் வழியாகக் கற்றோம் அல்லோம், பட்டுக் கற்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு அடுக்களையில் யாது வேலை என்று நகைக்கும் அன்பர் உளராயின், அவர் இக்கட்டுரையின் இறுதிவரை எம்மோடு பொறுமையாக வரும்படி வேண்டுகின்றோம்.

எம் தந்தையார் ஒப்பந்தக் கூலிக்குச் சரக்கேற்றும் தொழிலர். வேலை உள்ள நாள் உண்டு; இல்லாத நாளும் உண்டு. இல்லாத நாள்கள் மிகவே, எம் அன்னையார் கிறிஸ்துமஸ் காலத்தில் அண்டை அயலார்க்குச் சுட்டுக் கொடுத்துவந்த கேக்கினையே ஆண்டு முழுதும் செய்து விற்கத் தலைப்பட்டார். சிறிய ஓவன் ஒன்று, எட்டங்குலச் சதுரத் தட்டு இரண்டு, பழைய குளிர்ப்பெட்டி ஒன்று. இவையே அவருடைய தொழிற்சாலை. வட்டக் கேக்கும் சதுரக் கேக்கும் அவருக்குக் கைவந்தவை. உருவக் கேக்கோ அதுகாறும் செய்து பழகாதது.

இந்நிலையில், மே மாதத்து முதல் வாரத்தில், எம் பகுதியில் வாழும் அம்மையார் ஒருவர் வந்தார். தம் மாமனார்க்கு 80 ஆண்டு நிறைவதாகவும், அவ்விழாவிற்கு மசூலாப் படகின் வடிவில் ஒரு கேக்கு வேண்டும் என்றும் கூறினார். அன்னையார் தயங்கினார். யாம் முந்திக்கொண்டு, "செய்து தருகின்றோம், அத்தை," என்றோம். அவர் முன்பணம் தந்து சென்றார். அப்பணம் மறுநாளே எமது தேர்வுக் கட்டணமாகக் கல்லூரிக்குச் சென்றுவிட்டது. ஆதலின் இனித் திருப்பித் தருவதற்கும் வழியில்லை. படகு கடலில் இறங்கியே தீரவேண்டும் என்ற நிலை வந்தது.

மசூலாப் படகு யாதென அறியாத இளையோர்க்கு ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரையினின்று விலகி ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மக்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை இப்படகுகளே. 1861-ஆம் ஆண்டில் இரும்புத் தூண்களின்மீது கடற்பாலம் எழுந்த பின்னரும் இவற்றின் தேவை உடனே ஒழிந்துவிடவில்லை. இவற்றைச் செலுத்திய பரம்பரையினர் வாழ்ந்த இடம் இராயபுரம். அவர்களே 1829-ஆம் ஆண்டில் இங்குள்ள இராயப்பர் ஆலயத்தைத் தம் பொருளால் எழுப்பினர் என்பது இவ்வூரார் அனைவரும் பெருமையோடு கூறும் செய்தி. இப்படகின் சிறப்பு யாதெனில், இதன் பலகைகளை இணைப்பதற்கு ஆணி ஒன்றேனும் அடிப்பதில்லை. தென்னங் கயிற்றால் பலகையோடு பலகையைத் தைப்பர். ஆணி அறைந்த படகை இக்கரையின் அலை ஓங்கி மோதினால் பலகை பிளக்கும். தைத்த படகோ அலைக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுத்து, மீண்டும் தன் வடிவைப் பெறும். 1881-ஆம் ஆண்டுப் புயலில், அப்போது கட்டப்பட்டுவந்த துறைமுகக் கல்மதில்களே சிதைந்தன. கடினம் வேறு, உறுதி வேறு என்பதை எம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். யாம் அதனை அறியச் சிறிது காலம் சென்றது.

நிற்க. கேக்குச் செய்யும் மாவு, சர்க்கரை, உப்பும் சோடாவும் முதலியவற்றை அளவறிந்து ஒன்றாகக் கலந்து விற்கும் பொடியைக் கடைக்காரர் பிரீமிக்ஸ் என்பர். யாம் கலவை மாவு என்போம். இதன் பிறப்பு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் என்னும் நிறுவனத்தார், தம்மிடம் தேங்கிய கரும்புப் பாகினைச் செலவழிக்கும் பொருட்டு, அதனை உலர்த்தி மாவோடு கலந்து, 1933-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றனர். இரண்டாண்டு கழித்துப் பெற்ற மற்றொரு காப்புரிமையில், முட்டையை மட்டும் இல்லத்தார் தம் கையாலேயே சேர்க்குமாறு விட்டுவைத்தனர். எல்லாவற்றையும் உறைக்குள் அடைத்துவிடாமல், சமைப்பவர் கைக்கும் சிறிது இடம் விட்ட அச்செயல் எமக்கு மிகவும் உவப்பாயிருந்தது. அவ்விடத்தில்தானே கலை நுழைகின்றது!

நம் நாட்டுக் கடைகளில் முட்டை சேர்த்துச் செய்யும் கலவை மாவும் உண்டு. முட்டை வேண்டாத கலவை மாவும் உண்டு. அவற்றுள்ளும் சாக்கலேட்டு, வனிலா எனச் சுவை பல. யாம் இவ்வேறுபாடுகளுள் ஒன்றையும் ஆராய்ந்தோம் அல்லோம். "மிக மிருதுவாக வரும்" என்று கடைக்காரர் புகழ்ந்ததை வாங்கி வந்தோம். உறையின் பின்புறத்து எழுதியவாறே நீரும் எண்ணெயும் விட்டுக் கரைத்துச் சுட்டோம். வெள்ளிக்கிழமை மாலை கேக்கு பஞ்சுபோல எழுந்து நின்றது. அதன் அழகை நோக்கி மகிழ்ந்தோம். சூடு முற்றும் தணியும்வரை காத்திருக்கவும் மனமின்றி, நுரைக்க அடித்த கிரீமை இடையிட்டு அடுக்கினோம். பின்பு கத்தியை எடுத்துப் படகின் முனையை வளைத்துச் சீவினோம்.

சீவிய இடமெல்லாம் உதிர்ந்தது. ஒரு பக்கத்தைச் சமன்செய்யப் புகுந்தால் மறுபக்கம் பெயர்ந்தது. படகின் இலக்கணம் அடி ஒடுங்கி மேல் விரிவது. விரிந்த மேற்பாகத்தின் சுமையை ஒடுங்கிய அடி தாங்கமாட்டாது பிதுங்கிற்று. அந்நேரம் பார்த்து மின்சாரமும் நின்றது. மே மாதப் புழுக்கத்தில் கிரீம் உருகி வழிய, இரண்டு மணி நேரத்தில் எம் படகு மேசையின்மேல் குழைந்த மணல்மேடாயிற்று. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் நிலை எம் நிலை. விழாவோ ஞாயிறு மாலை. தேர்வுக் கட்டணத்தின் பற்றுச்சீட்டு எம் சட்டைப் பையிலேயே இருந்து நெஞ்சைச் சுட்டது.

யாம் சினந்து அக்கலவை மாவைப் பழித்தோம். மூலையில் விசிறியோடு அமர்ந்திருந்த எம் ஆயா நகைத்தார். "மாவு மேல ஏண்டா கோவம்? அது மெத்துன்னு இருக்கத்தானே செஞ்சாங்க? அது இன்னா பண்ணும்? உனக்கு வேண்டியதை நீதான் அதுக்குச் சொல்லணும்," என்றார். அவர் எழுத்தறியாதவர்; எனினும் அவர் கூறியதே முழு உண்மை.

அதன் காரணத்தை இனி ஆராய்வோம். கேக்கிற்கு எலும்பாவன வெந்து இறுகிய மாவுப்பசையும், சூட்டில் உறைந்த முட்டைப் புரதமும் ஆம். சர்க்கரையும் கொழுப்பும் அவ்விறுக்கத்தைத் தளர்த்தி மென்மை தருவன. கடைக் கலவை மாவில் காற்றுக் குமிழிகளை மிகுதியாகப் பிடித்து நிறுத்தும் பொருள்களும் சேர்ந்துள்ளன. ஆதலின் கேக்கு நன்கு பொங்கும், கண்ணறைகள் பெரியனவாகும், நாவில் இட்டதும் கரையும். உண்பார்க்கு இதனினும் வேண்டுவது யாது? ஆயின் செதுக்குவார்க்கு வேண்டுவது நெருங்கிய கண்ணறையும் ஈரப்பசையும் தாங்கும் வலிமையும் ஆம். எம் ஊர் இரயில் நிலையத்தை உருவாக்கச் சொல்லியிருந்தால், 1856-ஆம் ஆண்டில் திறந்த அக்கட்டடத்தின் நேரான சுவர்களைச் சதுரக் கேக்கிலேயே காட்டி, தூண்களை வேறாகச் செய்து ஒட்டி, மிருதுவான மாவைக்கொண்டே ஒருவாறு தப்பியிருப்போம். வளைவும் விரிவும் உடைய படகிற்கு அது பற்றாது. உருவத்தை நோக்கி மாவைத் தேர்க என்பதே முதற் பாடம்.

புதிதாகப் பொருள் வாங்கக் கையில் காசில்லை. எஞ்சிய கலவை மாவு ஒன்றரைக் கிலோ இருந்தது. அதனையே திருத்தவேண்டும். அன்றிரவு எமக்குத் துணைநின்றது நன்னூல் என்றால் அன்பர்கள் நம்புவார்களோ? சொல்லும் சொல்லும் புணருங்கால் நிகழும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. மாவின் விகாரமும் இம்மூன்றே எனக் கண்டோம்.

தோன்றலாவது இல்லாததைச் சேர்த்தல். ஒவ்வொரு 500 கிராம் கலவை மாவிற்கும் மைதா 100 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், கஸ்டர்டு பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, உறையிற் குறித்ததற்கு மேலாக முட்டை இரண்டு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 100 கிராம் சேர்த்தோம். மைதாவைக் கூட்டியதற்கு ஏற்பப் பேக்கிங் பவுடரைக் கூட்டினோம் அல்லோம். அதனாற் பொங்குதல் குறைந்து கண்ணறை நெருங்கிற்று. முட்டையின் புரதம் கட்டுக்கோப்பைத் தந்தது. தயிரின் கொழுப்பும் புளிப்பும், கேக்கு வறண்டு போகாவண்ணம் காத்தன. முட்டை உண்ணாதார்க்குச் செய்யுமிடத்து, அதற்கீடாகக் குறுக்கிய இனிப்புப் பாலும் தயிரும் ஓரளவு உதவும் என அன்னையார் கூறுவர்.

திரிதலாவது ஒன்று மற்றொன்றாதல். எண்ணெய்க்கு மாறாக வெண்ணெயை உருக்கி விட்டோம். எண்ணெய் எக்காலத்தும் இளகியே நிற்பது. வெண்ணெய் குளிர்ந்தால் இறுகுவது. அவ்விறுக்கம் கத்திக்கு நல்லது. நீருக்கு மாறாகப் பாலை விட்டோம்.

கெடுதலாவது உள்ளதை நீக்கல். உறை கூறிய நீரின் அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே பாலை விட்டோம். நெடுநேரம் அடிப்பதையும் நீக்கினோம். காற்று மிகுந்தால் கேக்கு உதிரும். மைதா சேர்ந்தபின் மிக அடித்தாலோ இழுவைத் தன்மை ஏறித் தோல்போலாகும். மாவு கலந்தவுடன் கரண்டியைக் கீழே வைப்பதே முறை.

மின்சாரம் மீண்டதும் ஓவனை 180 பாகைக்கு மாறாக 160 பாகையில் வைத்துச் சுட்டோம். மெல்லிய சூட்டில் கேக்கு நடுவே மேடு கட்டாது, சமமாக எழும், ஓரமும் காயாது. இவ்விரண்டு தட்டாக மூன்று ஈடு. கடைசி ஈடு இறங்கும்போது நள்ளிரவு கடந்துவிட்டது. உடனே செதுக்க எம் கை துறுதுறுத்தது. அன்னையார் எம் கையைப் பற்றி, "ஆறட்டும், தம்பி. ஒருநாள் தூங்கட்டும்," என்றார். சனிக்கிழமை முழுதும் ஆறு துண்டங்களும் துணி சுற்றிக் குளிர்ப்பெட்டியில் உறங்கின. வெந்த மாவுப்பசை குளிரில் மெல்ல மெல்ல இறுகும் இயல்புடையது. அன்றன்று சுட்ட கேக்கு உண்பதற்கு நன்று. மறுநாட் கேக்கே செதுக்குவதற்கு நன்று.

சனிக்கிழமை இரவு படகு கட்டும் வேலை தொடங்கிற்று. நுரைத்த கிரீமைக் கைவிட்டு, சாக்கலேட்டும் கிரீமும் சேர்ந்த கனாஷ் என்னும் குழம்பையே பூசாந்தாகக் கொண்டோம். சாதாரண நாளில் சாக்கலேட்டு இரு பங்கும் கிரீம் ஒரு பங்கும் போதும். கோடையை எண்ணிச் சாக்கலேட்டை இரண்டரைப் பங்காக்கினோம். இருதுண்டமாக நீளவாட்டில் வைத்து மூன்று அடுக்கு அடுக்கி, 16 அங்குல நீளமுள்ள அப்பாளத்தை மீண்டும் குளிரவைத்து, பின்னர்த் தலைகீழாகக் கவிழ்த்துச் செதுக்கினோம். படகின் அகன்ற வாய் கீழே இருந்தமையால் பாரம் பாரத்திலேயே நின்றது. பல்லுள்ள ரொட்டிக் கத்தியால் அழுத்தாமல் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்து, சிறிது சிறிதாகச் சீவினோம். இம்முறை உதிர்ந்தது ஒரு கைப்பிடி அளவே. உருவம் வந்தபின் மெல்லிய கனாஷ் பூச்சால் உதிரிகளை அடக்கி, குளிர்வித்து, அடிமேல் பலகை வைத்து, தந்தையாரும் யாமுமாக மூச்சடக்கி ஒரே திருப்பாகத் திருப்பினோம். படகு நிமிர்ந்தது!

உயர்ந்து வளையும் இரு முனைகளும் எஞ்சியிருந்தன. அவற்றை எந்தக் கேக்கும் தாங்காது. மேலை நாட்டார் இவ்வாறான இடத்தில் பொரித்த அரிசியை இனிப்புப் பசையால் உருட்டி ஒட்டுவர் என்று படித்திருந்தோம். அதனைச் சொன்னவுடன் ஆயா எழுந்தார். "இது கார்த்திகைப் பொரி உருண்டைடா!" என்று கூறி, வெல்லத்தைப் பாகு காய்ச்சினார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கையால் திரட்டி, அஃது உருண்டு நிற்கும் பதம் கண்டு பொரியைக் கொட்டினார். சூடு ஆறுமுன் யாம் அதனைப் படகுமுனையாக வளைத்து, நடுவே மூங்கிற் குச்சி செருகிக் கேக்கில் பொருத்தினோம். விரிந்த பக்கங்களுக்கு அடியிலும் பொரியையே அலைபோலத் திரட்டி முட்டுக்கொடுத்தோம். கடற்காற்றின் ஈரம் பட்டால் பொரி நமுத்துப் போகும். ஆதலின் அதன் மேலும் கனாஷ் பூசி மூடினோம். சர்க்கரைப் போர்வையாகிய ஃபாண்டன்ட் எம் ஊருக்கு ஒவ்வாது. குளிர்ப்பெட்டியினின்று வெளிவந்ததும் அது வியர்த்துப் பிசுபிசுக்கும். படகிற்கோ அது வேண்டப்படவும் இல்லை. கனாஷின்மேல் சீப்பால் கோடிழுக்கப் பலகைகள் தோன்றின. கூம்புப் பையால் குறுக்கும் நெடுக்குமாக இழையிட, கயிற்றுத் தையல் தோன்றிற்று. ஆலய மணி அடிக்கும் வேளையில் வேலை முடிந்தது.

உருவக் கேக்கு என்றவுடன் அளவிற் பெரியவற்றையே பலரும் வியப்பர். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரத்துப் பேக்கரி ஒன்றில், மறைந்த கால்பந்து வீரர் மரடோனாவின் உருவத்தை ஆறடி உயரத்தில் கேக்காகச் செய்து நிறுத்தினர். 60 கிலோ சர்க்கரையும் 270 முட்டையும் கொண்டு நான்கு நாள் உழைத்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. பந்தாட்டத்தை உயிரெனக் கொண்ட வடசென்னையில் அப்படத்தைக் கைப்பேசியில் காணாத இளைஞர் அரியர். அது காட்சிக்கென எழுந்த கலை. யாமும் அதனை வணங்குகின்றோம். எம் அன்னையார்க்கு வந்த கட்டளையோ வேறு. கண்டபின் அறுத்து, அறுத்தபின் நாற்பது பேர் உண்ணவேண்டும். நிற்கும் பொருட்டுக் கல்லாக்கிவிட்டால் உண்ணுதல் இயலாது. உண்ணும் பொருட்டுப் பஞ்சாக்கிவிட்டால் நிற்றல் இயலாது. இரண்டிற்கும் நடுவே உள்ள பதம் ஒன்றே. அதனைத்தான் கயிற்றால் தைத்த படகோட்டிகள் மரத்திலே கண்டனர்.

ஞாயிறு மாலை படகை மூடிய பெட்டியிலேயே ஒரு மணி நேரம் வெளியில் வைத்து, குளிர் தணிந்தபின் எடுத்துச் சென்றோம். அரைக் கிலோமீட்டர் தொலைவு. வண்டியின் குலுக்கலை அஞ்சித் தந்தையாரும் யாமும் கையிலேந்தியே நடந்தோம். தெருச் சிறுவர் பின்தொடர்ந்தனர். "இன்னாண்ணா, தேரா?" என்றான் ஒருவன். "படகுடா," என்றார் தந்தையார். வேலையற்ற நாள்களில் தலை குனிந்தே நடக்கும் அவர், அன்று தெரு முழுதும் நிமிர்ந்து நடந்ததை யாம் பக்கத்திலிருந்து கண்டோம்.

விழா நாயகராகிய பெரியவர் பெட்டி திறந்ததும் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை அணிந்துகொண்டு, தையலின் மேலே விரலைத் தொடாமல் ஓட்டினார். "எங்க நைனா தெச்சத கூட இருந்து பார்த்திருக்கேன். கயிறு சரியாத்தான் போவுது. ஆனா தம்பி, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல நார் வெச்சுத் தெப்பாங்க. நார் இல்லேன்னா தண்ணி ஏறிடும்," என்றார். யாம் நாணித் தலை குனிந்தோம். அவர் சிரித்து, "பரவாயில்ல, இது வயித்துல மிதக்கிற படகுதானே," என்று கூறிக் கத்தியை வாங்கினார். முனையில் கத்தி வைக்க மனம் வராது, பின்புறத்தினின்றே வெட்டினார். துண்டம் உதிராது நேராக வந்தது. எமக்கு மூச்சு வந்ததும் அப்போதுதான். அவர் ஒரு துண்டம் உண்டு முடித்து, மருமகளார் தடுத்தும் கேளாமல், இன்னொன்று கேட்டார். பொரி முனைகளின் பொருட்டுப் பிள்ளைகளிடையே சிறு போரே நிகழ்ந்தது.

இல்லம் திரும்பியதும் அன்னையார் ஒரு குறிப்பேட்டை எம்மிடம் தந்து, அளவுகளை மறக்குமுன் எழுதச் சொன்னார். மைதா, முட்டை, தயிர், வெண்ணெய், பால், சூடு, ஆறும் காலம் என ஒவ்வொன்றாக எழுதினோம். ஆயாவின் பாகுப் பதத்தையும் எழுதினோம். இறுதியில், அடுத்த படகிற்கு ஆகட்டும் என்று, "நடுவே நார்" என்பதையும் ஒரு வரியாக எழுதிவைத்தோம்.